பெரியவர்களுக்கான தொடக்க நடன வகுப்புகள்: உடல் கூச்சத்தோடு போகிறவருக்கு எது ஒத்துவரும்?

"எல்லா உடலுக்கும் இங்கே இடமுண்டு" என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளாத நடனப் பள்ளியை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். முதுகு வளைந்தவர், ஒரு கை இல்லாதவர், உடல் பருத்தவர், ரொம்பக் குள்ளம், ரொம்ப உயரம், செயற்கைக் கால், தோலில் திட்டு என்று ஏதோ ஒன்றை நினைத்துக் கூசி நிற்கிறவருக்கு அன்பான வரவேற்பு முதல் அரை மணி நேரத்துக்குத்தான் உதவும். அதன் பிறகு ஆசிரியர் ஓர் அசைவைக் காட்டுவார். அது இவர் உடலுக்கு வராது. அறை முழுக்க ஆட, இவர் மட்டும் நிற்பார். பலர் வகுப்பை விட்டு ஓடுவது அந்த இடத்தில்தான். அப்போது ஆசிரியர் கையில் ஒரு மாற்று அசைவு தயாராக இருக்கிறதா என்பதுதான் இந்த மதிப்பீட்டின் அளவுகோல். மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

இதைச் சேர்வதற்கு முன்பே, போனில், ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்: "தரையில் உட்கார்ந்து எழ முடியாத ஒருவர் வந்தால் அந்தப் பகுதியில் அவருக்கு என்ன கொடுப்பீர்கள்?" உங்கள் சிக்கல் வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கேளுங்கள். "நாற்காலியில் உட்கார்ந்து அதே முதுகு அசைவைச் செய்யச் சொல்வேன்" என்கிற மாதிரி பதில் வந்தால் சேரலாம். "எது வராது என்று முன்னாலேயே எழுதி அனுப்புங்கள், யோசித்து வைக்கிறேன்" என்றாலும் சேரலாம். "அதெல்லாம் ஒன்றுமில்லை, இங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்" என்பது பதிலே இல்லை. "முடிந்ததைச் செய்யுங்கள், முடியாவிட்டால் ரெஸ்ட் எடுங்கள்" என்பது காதுக்கு இதமாக இருக்கும். நடைமுறையில் வகுப்பின் கணிசமான நேரத்தைச் சுவரோரம் நின்று கழிக்க வேண்டியிருக்கும்.

பதில் பிடித்திருந்தால், முதல் வகுப்புக்கு ஓரிரு நாள் முன்பு ஆசிரியருக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மருத்துவ வரலாறு முழுவதும் வேண்டாம். எது வராது, எது வரும், எங்கே தொட்டுத் திருத்தலாம், பிறர் முன் பேசலாமா கூடாதா, இவ்வளவு போதும். மாதிரிக்கு:

"வணக்கம். செவ்வாய்க்கிழமை பிகினர் வகுப்புக்கு வருகிறேன். முதுகெலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். முதுகை வளைத்துக் குனிய வராது, இடுப்பிலிருந்து மடங்க முடியும். குதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோளைத் தொட்டுத் திருத்தலாம், முதுகில் கை வைக்க வேண்டாம். இதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்ல வேண்டாம்."

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "இன்றைக்கு நம்மோடு ஒரு ஸ்பெஷல் மாணவர்" என்று அறிமுகப்படுத்திக் கைதட்டல் வாங்கித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் கைதட்டல் வாங்கிய பிறகு ஒரு ஸ்டெப்பைச் சாதாரணமாகத் தப்பாகப் போடும் சுதந்திரம் போய்விடுகிறது.

அடுத்தது, எங்கே நிற்பது. கூச்சமுள்ளவர் நேராகப் பின்வரிசை மூலைக்குப் போவார். அது மோசமான இடம். முன்சுவர்க் கண்ணாடியைப் பார்க்காமல் ஆடட்டும் என்று பல ஆசிரியர்கள் நடுவில் வகுப்பையே பின்சுவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்போது பின்வரிசைதான் முன்வரிசை, பார்த்துச் செய்ய முன்னால் ஆளே இல்லை. பக்கவாட்டில் திரும்பும் ஸ்டெப் வந்தால் ஓரத்தில் நிற்பவர் கதியும் அதேதான். இரண்டாம் வரிசையின் நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒருவர் இருப்பார். அந்த இடம் வேண்டுமானால் பத்து நிமிடம் முன்னால் போக வேண்டும். தாமதமாக வருகிறவருக்கு மிஞ்சுவது கண்ணாடிக்கு ஒட்டிய முன்வரிசைதான்.

இன்னொரு கண்டம் உண்டு. பாலே, ஜாஸ், கன்டெம்பரரி (தற்கால நடனம்) வகுப்புகளில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இரண்டு மூன்று பேராக ஆடிக்கொண்டே கடக்கச் சொல்வார்கள். கடைசிக் குழுவில் ஒளிந்துகொள்ளத் தோன்றும். கடைசிக் குழு ஆடும்போது மற்ற அத்தனை பேரும் முடித்துவிட்டு வேறு வேலையின்றி அவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுக் குழுவோடு போய்விடுங்கள். முன்னால் போனவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் ஸ்டெப்பை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

"யாரும் உங்களைக் கவனிப்பதில்லை" என்ற ஆறுதலுக்கு ஆதாரமாகப் பலர் காட்டுவது 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு. சங்கடம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டுப் பலர் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை. ஆய்வு சரிதான். ஆனால் டி-ஷர்ட்டும் இல்லாத கையும் ஒன்றல்ல. கண்ணில் படும் வித்தியாசத்தை முதல் வகுப்பில் ஆட்கள் கவனிக்கத்தான் செய்வார்கள். அதை ஒப்புக்கொள்ளும் பள்ளியே மேல். எட்டு கவுண்ட் (தாள எண்ணிக்கை) ஸ்டெப் நான்கைச் சேர்த்து முப்பத்திரண்டாக ஆடச் சொன்னதும் அந்தக் கவனம் அவரவர் கால்களுக்குப் போய்விடும். பிகினர் வகுப்பில் அடுத்தவர் உடலை நெடுநேரம் ஆராயும் அளவுக்கு யாருக்கும் ஸ்டெப் மனப்பாடம் ஆகியிருக்காது.

இனி வகுப்பு வகைகள்.

முதலில் பாலே. பெரியவர்களுக்கான பாலேயைப் பற்றிய பயம், அதன் தகுதிக்கு மீறியது. வகுப்பின் பெரும்பகுதி சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கும். பிடிமானம் வேண்டுகிறவருக்கு இதைவிட வசதி வேறெந்த நடனத்திலும் இல்லை. அடுத்து என்ன வரும் என்பதும் ஊகிக்கக்கூடியது. லியோடார்ட் என்ற, உடலோடு ஒட்டிய ஒற்றை ஆடை கட்டாயமா என்று முன்பே கேளுங்கள். பெரியவர் வகுப்புகள் பலவற்றில் லெக்கிங்ஸும் உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டும் போதும். சிக்கல் வருவது கால்களை வெளிப்பக்கம் திருப்புவதில். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது எவ்வளவு வரும் என்பது தொடையெலும்பு மூட்டுக் குழியில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரியவர்களிடம் பயிற்சி அந்த எலும்பை மாற்றாது. இடுப்பு தராததைப் பாதத்திலிருந்து பிடுங்கினால் உள்ளங்கால் வளைவு தரையில் சரியும், முழங்கால் உட்பக்கம் முறுகும், சில வாரத்தில் முழங்காலின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். சோதித்துப் பார்ப்பது எளிது: நின்றபடி முழங்காலை மடக்கும்போது முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேர் மேலே போக வேண்டும். போகவில்லை என்றால் பாதங்களின் விரிவைக் குறையுங்கள். "இன்னும் திருப்பு" என்று கத்தும் ஆசிரியரை விட்டு, "உன் முழங்கால் எங்கே போகிறது பார்" என்று சொல்பவரைத் தேடுங்கள்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர்களுக்குக் கண்ணாடி கொஞ்சம் கொடுமை செய்யும். ஒரு தோள் உயர்ந்து தெரியும். "தோளைச் சமமாக்கு" என்று ஆசிரியர் சொன்னதும் இடுப்பை ஒரு பக்கம் தள்ளித் தோளை நேராக்கிவிடுவார்கள். பார்க்கச் சமமாக இருக்கும், எடை முழுக்க ஒற்றைக் காலில் இறங்கியிருக்கும், சுழலும்போது தள்ளாடும். தோளை விட்டுவிட்டு இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இருக்கிறதா என்று கவனிப்பதுதான் சரி. முதுகில் கம்பி வைத்தவர்கள் முதுகை ஒவ்வொரு எலும்பாக உருட்டிக் குனியும் பயிற்சியில், இடுப்பிலிருந்து நேராக மடங்கி, அதே கவுண்டில் நிமிரலாம். இசைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பரதநாட்டியத்தில் முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டிக்கும் மேலே சொன்ன இடுப்புக் கணக்கு அப்படியே பொருந்தும். பெரியவரான பின் தொடங்குகிறவருக்கு மண்டி ஆழமாக இல்லாவிட்டாலும் முதுகு நேராக இருந்தால் போதும் என்று விடும் ஆசிரியரே நீண்டநாள் கற்றுத்தருவார். முழுக்கக் குந்தும் முழுமண்டிக்கு மாற்று என்ன என்று முன்பே கேட்டுவிடுங்கள். உடை விஷயத்தில் இது தயாளமான கலை: சல்வாரும், குறுக்கே போட்டு இடுப்பில் கட்டிய துப்பட்டாவும் உடலை மறைக்காமலும் காட்டிக்கொடுக்காமலும் நிற்கும். ஆனால் தரை முக்கியம். வெறும் சிமென்ட்டிலோ கிரானைட்டிலோ நாள் முழுக்கப் பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு போட்டால் கெண்டைக்காலின் முன்னெலும்பும் குதிகாலும் வலிக்கும். பருத்த உடலுக்கு இன்னும் சீக்கிரம். தட்டும்போது குதிகால் முதலில் இடிக்காமல் முழுப் பாதமும் ஒன்றாக விழ வேண்டும். அடித்தளத்தில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தரை உள்ள இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

செயற்கைக் காலோடு வருகிறவர் வெறுங்கால் நடனங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரமுள்ள செருப்புக்கோ ஷூவுக்கோ பொருத்தி அமைக்கப்பட்டிருக்கும். ஷூவைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்து, உடல் பின்பக்கம் சாயும். முழங்கால் பின்னால் தள்ளுவதுபோல் இருக்கும். "பேலன்ஸ் வரவில்லை" என்று பலர் தங்களையே நொந்துகொள்வது இதனால்தான். பழைய ஷூ உயரத்துக்கு ஈடாகக் குதிகாலடியில் ஒரு ஆப்பு ஒட்டலாம், அல்லது கால் செய்து தந்தவரிடம் வெறுங்காலுக்கு ஏற்ப அமைத்துத் தரச் சொல்லலாம். உயரமான ஹீல்ஸ் வேண்டும் சால்சாவில் இதே சிக்கல் தலைகீழாக வரும்: உடல் முன்னால் தள்ளும். வியர்வையில் சாக்கெட் (மீதிக் கால் நுழையும் கூடு) வழுகத் தொடங்கினால் இடைவேளையில் கழற்றித் துடைத்து உள்ளே போடும் உறையை மாற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கதவு சாத்தும் ஓர் அறையும் உட்கார நாற்காலியும் அந்தப் பள்ளியில் உண்டா என்று பாருங்கள். 1981 விபத்துக்குப் பின் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பிய சுதா சந்திரனை இந்த இடத்தில் யாராவது உங்களிடம் எடுத்துச் சொல்வார்கள். அவர் காலை இழக்கும் முன்பே தேர்ந்த நாட்டியக்காரர். முதல் நாள் தட்டடவு கற்க வருகிறவருக்கு அந்த உதாரணத்தைவிட குதிகாலடி ஆப்பு உதவும்.

சால்சா, பச்சாட்டா போன்ற ஜோடி நடனங்களில் கூச்சம் வேறு மாதிரி. சில நிமிடத்துக்கொரு முறை ஜோடி மாறும், ஒவ்வொருவரிடமும் கையை நீட்ட வேண்டும். கை இல்லாதவரோ விரல்கள் குறைந்தவரோ ஒவ்வொரு புதியவரிடமும் விளக்கத் தேவையில்லை. "இங்கே பிடியுங்கள்" என்று முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினால் போதும். ஜோடியை இழுத்துச் செல்வது விரல்கள் இல்லை, தோளும் முதுகும் தரும் விறைப்பு. ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் தடுமாறி, உங்களைத் தனியாக ஆடச் சொல்லிவிடுவார். உயர வித்தியாசத்துக்கும் தீர்வு உண்டு. நடத்துகிறவர் குட்டை, சுழல்கிறவர் நெட்டை என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றும் திருப்பம் தொங்கிப்போகும். கையைத் தலைக்குப் பக்கவாட்டில் முன்னே கொண்டுபோவது, அல்லது கையை விட்டுவிட்டு இடுப்புயரத்தில் உந்தித் திருப்பிவிடுவது, இரண்டும் அடிப்படை வகுப்பிலேயே கற்றுத்தரக்கூடியவை. உள்ளங்கை வியர்ப்பவர்கள் சிறு துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்துக்கொள்ளலாம். அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வை மருந்தை இரவில், உலர்ந்த கையில் பூச வேண்டும், வகுப்புக்கு முன்னால் பூசிப் பயனில்லை. தோலில் திட்டுகள் வரும் சொரியாசிஸ் தொற்றாது. அதை ஒருமுறை ஆசிரியர் வாயால் சொல்லிவிடச் செய்தால் நீங்கள் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஜோடி மாற விரும்பாதவர்களை விட்டுவிடும் பள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்பெண்.

கன்டெம்பரரிதான் எங்கள் முதல் பரிந்துரை, ஒரு நிபந்தனையோடு. அசைவின் வடிவத்தைவிட அதன் வேலையைச் சொல்லிக்கொடுக்கும் மரபு இதில் உண்டு: "கையைத் தூக்கு" என்பதற்குப் பதில் "உடலின் ஒரு முனை மேலே போகட்டும், மறுமுனை கீழே இழுக்கட்டும்" என்பார்கள். அந்த முனை கையாகவும் இருக்கலாம், தோளாகவும், தலையாகவும் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்தாடும் கேண்டோகோ குழு 1991-ல் பிரிட்டனில் தொடங்கியதும் இந்த மரபில்தான். நிபந்தனை, தரைப் பகுதி. உருண்டு எழும் அசைவுகள் பருத்த உடலுக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் சிரமம். நேராகக் குந்தி எழ முயல வேண்டாம்: பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி, ஒரு முழங்காலில் வந்து, மறு பாதத்தை முன்னே வைத்து எழுந்தால் அசைவு அறுபடாது. முழங்கால் பேட் கட்டாயம், அதுவும் பேண்டுக்குள்ளே போடும் மெல்லிய ரகம். ஒருவர் எடையை இன்னொருவர் மேல் சாய்க்கும் பயிற்சியில், "என் எடை தாங்க மாட்டார்களே" என்று பாதி எடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதுதான் பெரிய தவறு. அரைகுறையாகத் தந்த எடை திடீரென்று நழுவும். முழுதாக, மெதுவாகத் தந்தால் எதிராளிக்கு அதைத் தாங்க நேரம் கிடைக்கும். வேண்டாம் என்று மறுக்கவும் வழி இருக்க வேண்டும்.

ஷூவின் அடியில் உள்ள உலோகத் தகட்டால் தரையில் தட்டித் தாளம் எழுப்பும் டேப் நடனத்தில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம், அதனாலேயே கண்ணாடிக்குப் பயந்தவர்களுக்கு இது நிம்மதி. க்ளேட்டன் பேட்ஸ் என்ற அமெரிக்கர் 12 வயதில் ஒரு காலை இழந்து, மரக்காலோடு டேப் ஆடிப் புகழ்பெற்றார்; மரக்காலின் ஒலியே அவருடைய தாளத்தில் ஒரு குரல். கேட்கும் திறன் குறைந்தவர்கள் மரத்தரையின் அதிர்வைப் பாதத்தில் பிடிக்கலாம். ஆசிரியர் முதுகைக் காட்டிக் கவுண்ட் சொன்னாலும் கண்ணாடியில் அவர் உதடு தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

ஹிப்-ஹாப்பில் தளர்ந்த உடை வழக்கம், அது சௌகரியம். வேகம் அதிகம், பல வகுப்புகளில் கடைசியில் வீடியோ எடுப்பார்கள். படத்தில் வர விருப்பமில்லை என்றால் வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லுங்கள், கேமரா தூக்கிய பிறகு விலகினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இசைக்கு ஆடும் உடற்பயிற்சியான சும்பா வகுப்பு கூச்சத்தைத் தளர்த்தும், ஆட்டம் கற்றுத்தராது, திருத்த மாட்டார்கள். ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துக்கொண்டு பழகலாம். வீடியோ இடவலம் திருப்பி எடுக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வலதுக்கு இடது பழகிவிடும். முழங்கால் முறுகுவதைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆன்லைனை மட்டும் நம்ப வேண்டாம்.

உடை, சாமான் பற்றிக் கொஞ்சம். தொடையை மறைக்கும் பெரிய தொளதொள டி-ஷர்ட் கூச்சக்காரர்களின் முதல் தேர்வு. இடுப்பும் முழங்காலும் தெரியாததால் ஆசிரியரால் திருத்த முடியாது, குனிந்தால் முகத்தில் விழும். உள்ளே ஒட்டிய பனியன், மேலே இடுப்பு வரை வரும் டி-ஷர்ட் என்று இரண்டடுக்காகப் போட்டால் வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் முழங்கால் வரையிலான சைக்கிள் ஷார்ட்ஸை அடியில் போடுங்கள், தையல் உட்தொடையில் வராத ரகமாக. சாக்ஸ் மட்டும் போட்டு மரத்தரையில் சுழல்வது வழுக்கி விழ நேர்வழி. அகலப் பாதத்துக்கு ஷூ வாங்கும்போது நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுகட்டக் கூடாது. மடங்கும் இடம் விரல் மூட்டோடு ஒத்துவராமல் நுனிக்காலில் நிற்கவே முடியாமல் போகும். வயிற்றில் ஸ்டோமா பை (உடல் கழிவைச் சேகரிக்கும் பை) உள்ளவர்கள் வகுப்புக்கு முன் காலி செய்துவிட்டு, பையின் மேல் உயர் இடுப்பு லெக்கிங்ஸோ பட்டையோ அணியலாம். குப்புறப் படுக்கும் பகுதிக்கு மட்டும் பக்கவாட்டு மாற்றைக் கேட்டு வையுங்கள்.

எத்தனை வகுப்பு போய்ப் பார்த்து முடிவெடுப்பது? ஒரே ஆசிரியரிடம் மூன்று. முதல் வகுப்பில் எல்லோருக்கும் எல்லாமே தப்பும், அதை வைத்துப் பள்ளியைத் தள்ளுவதும் தன்னைத் தள்ளுவதும் அவசரம். மூன்றாவதிலும் ஆசிரியர் மாற்று அசைவை நீங்கள் கேட்ட பிறகுதான் தருகிறார் என்றால் பரவாயில்லை, தொடரலாம். கேட்டும் தரவில்லை, தொட வேண்டாம் என்ற இடத்தில் தொடுகிறார், எடையைப் பற்றி ஜோக் அடிக்கிறார், "அவரே செய்கிறார், உனக்கென்ன" என்று உங்களைக் காட்டி இன்னொருவரைத் திட்டுகிறார் என்றால் நான்காவது வகுப்புக்குப் போக வேண்டாம். அதனால்தான் முழுப் பருவத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் பள்ளியைவிட ஒவ்வொரு வகுப்பாகக் கட்ட விடும் பள்ளியைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால், மூன்று வகுப்புக்குப் பிறகு மீதியைத் திருப்பித் தருவார்களா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.